எபிதீலியம்: நம் ஊரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கம் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளும் அவர்களுடைய வீட்டாரும் என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாதான் எங்கள் ஊர். ஆந்திரத்துச் சித்தூர் வேறு. பரீட்சைக்காகக் கேட்டவையும் உண்டு, வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லாமல் கேட்டவையும் உண்டு. இரண்டாவது வகைக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் எழுதியிருக்கிறேன்.

எபிதீலியம் என்றால் என்ன டீச்சர், சுருக்கமாகச் சொல்லுங்கள்?

உடம்பின் வெளிப்பரப்பை மூடியும், உள்ளே இருக்கும் குழாய்கள், பைகள், அறைகளின் உட்பரப்பில் படிந்தும் இருக்கும் செல்விரிப்புதான் எபிதீலியத் திசு. வியர்வைச் சுரப்பி, உமிழ்நீர்ச் சுரப்பி, தைராய்டு போன்ற சுரப்பிகளும் இதே திசுவிலிருந்து உருவானவை. விலங்குகளின் உடம்பில் இருக்கும் 4 அடிப்படைத் திசுக்களில் இது ஒன்று. மற்ற மூன்றும் இணைப்புத் திசு, தசைத் திசு, நரம்புத் திசு.

இதன் செல்கள் இடைவெளியே இல்லாமல் ஒன்றோடு ஒன்று ஒட்டி நிற்கும். அடியில் அடித்தளச் சவ்வு என்ற மெல்லிய படலம் இருக்கும். இந்தச் சவ்வை மறந்துவிடாதீர்கள், பின்னால் பலமுறை வரப்போகிறது.

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். சாப்பிட்ட சோறு குடலில் கிடக்கும்போதுகூட, கணக்குப்படி அது உடம்புக்கு வெளியேதான் இருக்கிறது. குடலின் எபிதீலியத்தைத் தாண்டினால்தான் உடம்புக்குள் வந்ததாக அர்த்தம். மூச்சுக்காற்றுக்கும் இதே கதைதான். உள்ளே எதை விடுவது, எதை நிறுத்துவது, எதை வெளியே அனுப்புவது என்ற முடிவெல்லாம் இந்த விரிப்பில்தான் நடக்கிறது.

அப்படியானால் தோல் முழுவதும் எபிதீலியமா?

இல்லை. தோலின் மேலடுக்கான மேல்தோல் மட்டும்தான் எபிதீலியம். அதற்குக் கீழே இருக்கும் உள்தோல் இணைப்புத் திசு. ரத்தக் குழாய்கள் எல்லாம் உள்தோலில்தான் ஓடுகின்றன, மேல்தோலில் ஒன்றுகூடக் கிடையாது.

இதை உங்கள் கையிலேயே பார்க்கலாம். வேலி முள் லேசாகக் கீறினால் சில சமயம் வெள்ளைக் கோடு மட்டும் விழும், ரத்தம் வராது. கீறல் மேல்தோலோடு நின்றுவிட்டது என்று பொருள். ரத்தம் எட்டிப் பார்த்தால் அடித்தளச் சவ்வையும் தாண்டி உள்தோல் வரை போய்விட்டது.

ரத்தக் குழாய் இல்லாமல் அந்தச் செல்கள் எப்படி உயிர் வாழும்?

கீழே இருக்கும் இணைப்புத் திசுவிலிருந்து சத்தும் ஆக்சிஜனும் கசிந்து மேலே வரும். அடித்தளச் சவ்வை ஒட்டிய செல்களுக்கு நிறையக் கிடைக்கும், அதனால் அவை பிரிந்துகொண்டே இருக்கும். புதிதாகப் பிறந்த செல்கள் பழையவற்றை மேலே தள்ளும். மேலே போகப் போக கெரட்டின் என்ற கடினமான புரதம் நிறைந்து, கடைசியில் செத்த செதிலாக உதிர்ந்துவிடும். மேல்தோல் முழுவதும் இப்படிப் புதிதாக ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். குடலின் உள்விரிப்புக்கோ 3 முதல் 5 நாள் போதும்.

இப்படி ஓயாமல் பிரிவதால்தான் காயம் ஆறுகிறது. பெரியவர்களுக்கு வரும் புற்றுநோயில் 100க்கு 80க்கும் மேல் எபிதீலியத்தில் தொடங்குவதற்கும் இந்த ஓயாத பிரிவு ஒரு முக்கியக் காரணம். புகை, புகையிலை, வெயில், சில வைரஸ்கள் எல்லாம் முதலில் வந்து படுவதும் இதன்மேல்தான். பிரியும் செல்லில் தவறு விழுந்தால் அதுவும் சேர்ந்து பெருகும்.

பரீட்சைக்கு வகைகளை எப்படி மனப்பாடம் செய்வது?

மனப்பாடம் வேண்டாம், வேலையைப் பாருங்கள். பொருள்கள் வேகமாக இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போக வேண்டிய இடத்தில் ஒரே அடுக்குதான் இருக்கும். உரசலும் தேய்மானமும் உள்ள இடத்தில் பல அடுக்கு இருக்கும்.

ஒரே அடுக்கு எளிய எபிதீலியம். நுரையீரலின் காற்றுப்பைகளில் தட்டை எபிதீலியம். காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவே உள்ள மொத்தத் தடிமனே ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. சிறுநீரக நுண்குழல்களில் கனசதுர எபிதீலியம். இரைப்பையிலும் குடலிலும் தூண் எபிதீலியம். மூச்சுக்குழாயில் மேலே நுண்ணிய இழைகள் அசையும் குறுயிழை எபிதீலியம். பல அடுக்கு என்றால் கூட்டு எபிதீலியம். தோல், வாய், உணவுக்குழாய். சிறுநீர்ப்பையில் இருப்பது தனி ரகம். பை நிறைந்தால் அடுக்குகள் சரிந்து விரியும், காலியானால் மறுபடி திரண்டுகொள்ளும். மாறுநிலை எபிதீலியம் என்று எழுதுங்கள், மதிப்பெண் கிடைக்கும்.

பக்கத்து வீட்டுப் பிள்ளை மலையாளத்தில் ஆவரணகல என்று படித்தால் குழம்ப வேண்டாம், அதே பாடம்தான்.

எபிதீலியத்தை நேரில் பார்க்க முடியுமா?

பள்ளிக்கூட மைக்ரோஸ்கோப்பே போதும். வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு, புதிய பல்குச்சியின் மொட்டைப் பக்கத்தால் கன்னத்தின் உட்புறத்தை மெதுவாகத் தேயுங்கள். குச்சியில் ஒட்டிய வெளுத்த கசடைக் கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டுத் தண்ணீரில் கரைத்து, மெத்திலீன் நீலச் சாயம் ஒரு துளி விட்டு, மூடுதகட்டைச் சாய்த்து இறக்குங்கள். குறைந்த பெரிதாக்கத்தில் தேடிப் பிடித்த பிறகு பெரிதாக்கத்தைக் கூட்டுங்கள்.

ஓரம் கோணலாக, மிகத் தட்டையாக, வெளிர்நீலத்தில் செல்கள் தெரியும். நடுவில் கருநீலப் பொட்டாக உட்கரு. சில செல்களின் ஓரம் மடிந்திருக்கும், அவ்வளவு மெல்லியவை. அவற்றின் மேல் பொடிப் பொடியாகத் தெரியும் புள்ளிகளில் பல, வாயில் வாழும் பாக்டீரியாக்கள். முதல் தடவை பார்க்கும் பிள்ளை "இது என் செல்லா?" என்று கண்ணை எடுக்காமல் கேட்கும் நேரம், ஓர் உயிரியல் டீச்சருக்கு வேறு சம்பளமே வேண்டியதில்லை.

வெங்காயத் தோலிலும் செல் பார்த்தோமே, அது எபிதீலியமா?

இல்லை. அது தாவரத்தின் புறத்தோல். எபிதீலியம் என்பது விலங்குத் திசுவுக்கு மட்டும் சொல்வது.

என் அப்பா தென்னை ஏறிக் கள்ளிறக்குபவர். உள்ளங்கை கட்டையாகக் காய்த்திருக்கிறது. அது நோயா?

நோயில்லை. தொடர்ந்து அழுத்தமும் உரசலும் படும் இடத்தில் அடிச்செல்கள் அதிகம் பிரியும், மேலே கெரட்டின் அடுக்கு தடித்துக்கொள்ளும். கையைக் காப்பாற்ற உடம்பு செய்துகொள்ளும் ஏற்பாடு அது. வேலையைப் பல மாதம் நிறுத்தினால் காய்ப்பு தானாகவே மெலிந்துவிடும். புதிதாக மண்வெட்டி பிடிப்பவர்களுக்குக் காய்ப்புக்கு முன்னால் கொப்புளம் வரும். உரசலில் மேல்தோலின் அடுக்குகள் பிரிந்து நடுவில் நீர் கட்டுவதுதான் கொப்புளம். மேலே இருக்கும் தோலை உரிக்காதீர்கள். அடியில் புது விரிப்பு உருவாகும்வரை அதுதான் மூடி.

சர்க்கரை நோய் உள்ளவரின் காலில் காய்ப்பு இருந்தால் மட்டும் கவனம் வேண்டும். உணர்ச்சி குறைந்த காலில் காய்ப்புக்கு அடியிலேயே புண் உருவாகி, வெளியே தெரியாமல் பெரிதாகும். பிளேடால் செதுக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

வாய்ப்புண் ஒரு வாரத்தில் ஆறிவிடுகிறது, குதிகால் வெடிப்பு மாதக்கணக்கில் ஆறவில்லை. ஏன்?

வாய் எப்போதும் ஈரம். அங்கே செல்கள் வேகமாகப் பிரிகின்றன, ரத்த ஓட்டமும் அடியிலேயே அதிகம். குதிகாலில் கெரட்டின் மிகத் தடிமன், எண்ணெய்ச் சுரப்பிகள் கிடையாது. தடித்த அடுக்கு காய்ந்து வளைய முடியாமல் வெடிக்கிறது. நடக்கும் ஒவ்வோர் அடியும் அதைத் திரும்பப் பிளக்கிறது. மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் வறண்ட கிழக்குக் காற்று உதட்டையும் காலையும் ஒருபாடு படுத்துகிறது என்பது நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும். இரவில் காலை வெந்நீரில் ஊறவைத்து, துடைத்த ஈரத்தோடு தேங்காயெண்ணெயோ வாசலினோ தடவிச் சாக்ஸ் போட்டுத் தூங்குங்கள். காய்ந்த காலில் தடவினால் பலன் குறைவு. ஈரத்தை உள்ளே பிடித்து வைப்பதுதான் எண்ணெயின் வேலை.

ரேஷன் கடை மெஷினில் அம்மாவின் விரல் ரேகை விழவே மாட்டேன் என்கிறது. ரேகை அழிந்தே போய்விடுமா?

சிமென்ட் கலவையும் செங்கல்லும் சுண்ணாம்பும் தொடர்ந்து கையாண்டால் மேல்தோலின் மேடுகள் தேய்ந்துபோகும். சிமென்டின் காரமும் சேர்ந்து அரிக்கும். வயதானாலும் ரேகை மங்கும். ஆனால் ரேகையின் வடிவம் மேல்தோலுக்கும் உள்தோலுக்கும் நடுவே உள்ள மேடுபள்ளங்களில் பதிந்திருக்கிறது. தாயின் வயிற்றில் இருக்கும்போதே அமைந்துவிடும் வடிவம் அது. அடிப்பகுதி சேதமாகாதவரை, கைக்கு ஓய்வு கொடுத்தால் சில வாரங்களில் அதே ரேகை மேலே வரும். கடைக்குப் போகும் முந்தின இரவே எண்ணெய் தடவிவிட்டுக் காலையில் கழுவித் துடைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். வேலை செய்யாத கையின் விரலையும் வைத்துப் பார்க்கலாம்.

குழந்தை சுண்ணாம்பு டப்பாவை அமுக்கிக் கண்ணில் தெறித்துவிட்டது. என்ன செய்வது?

வெற்றிலை போடும் வீடுகளில் இது உண்மையிலேயே நடக்கிறது. முதல் நிமிடமே தண்ணீர். குழாயோ சொம்போ, கையில் எது கிடைக்கிறதோ அதில் சுத்தமான தண்ணீரை இமையைப் பிரித்துப் பிடித்து ஊற்றிக்கொண்டே இருங்கள், குறைந்தது அரை மணி நேரம். இமைக்குள் ஒட்டிய சுண்ணாம்பை ஈரத்துணி முனையால் எடுத்துவிடுங்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் விட வேண்டாம். கழுவி முடித்த பிறகு வண்டி பிடியுங்கள். கழுவாமல் ஓடினால் வழியெல்லாம் கண் வெந்துகொண்டே போகும்.

காரணம் எபிதீலியத்தில்தான் இருக்கிறது. சுண்ணாம்பு காரப்பொருள், செல்சவ்வின் கொழுப்பைக் கரைத்து உள்ளே உள்ளே இறங்கும். கருவிழியின் மேல் இருக்கும் எபிதீலியம் சாதாரணக் கீறலை ஓரிரு நாளில் ஆற்றிக்கொள்ளும். அதற்கான மூலச்செல்கள் கருவிழியும் வெள்ளைவிழியும் சேரும் வட்டத்தில் இருக்கின்றன. சுண்ணாம்பு அந்த வட்டத்தையே எரித்துவிட்டால் புதுச் செல் வர வழியில்லை. வெள்ளைவிழியின் திசு கருவிழி மேல் படர்ந்து பார்வையை மறைத்துவிடும்.

அதற்கும் வழி கண்டிருக்கிறார்கள். ஹைதராபாத் எல்.வி.பிரசாத் கண் மருத்துவமனையின் மருத்துவர்கள் 2012இல் வெளியிட்ட ஒரு முறையில், நல்ல கண்ணின் அந்த வட்டத்திலிருந்து மிகச் சிறிய துண்டை எடுத்து, பொடியாக நறுக்கி, பனிக்குடச் சவ்வு (வயிற்றில் குழந்தையைச் சுற்றியிருக்கும் மெல்லிய படலம்) விரித்த பழுதான கண்ணின் மேல் பதிக்கிறார்கள். அங்கிருந்து புது எபிதீலியம் வளர்ந்து கருவிழியை மூடுகிறது. ஆனாலும் எந்த அறுவை சிகிச்சையும் அந்த முதல் அரை மணி நேரத் தண்ணீருக்கு ஈடாகாது. டப்பாவை உயரத்தில் வையுங்கள்.

வயிற்றுப்போக்குக்கு உப்போடு சர்க்கரையும் ஏன் கலக்கிறோம்? உப்பு மட்டும் போதாதா?

போதாது. சிறுகுடலின் உட்பரப்பு டர்க்கித் துண்டைப் போல விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும். குடலின் பரப்பு மொத்தமும் சுமார் 30 சதுர மீட்டர் என்று 2014இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். பழைய புத்தகங்களில் இதைவிடப் பல மடங்கு போட்டிருக்கும். அந்த விரல்களை மூடிய தூண் எபிதீலியச் செல்களில், குளுக்கோஸையும் சோடியத்தையும் சேர்த்தே உள்ளே இழுக்கும் புரதம் ஒன்று இருக்கிறது. ஒன்று இல்லாமல் மற்றதை அது எடுக்காது. இரண்டும் போனால் தண்ணீரும் பின்னாலேயே போகும். காலராவின் நஞ்சு செல்களிலிருந்து தண்ணீரைக் கொட்ட வைக்கிறதே தவிர, இந்தப் புரதத்தைத் தொடுவதில்லை. அந்த ஒரு கதவு திறந்தே இருக்கிறது.

1971இல் வங்கதேச அகதிகள் தங்கியிருந்த பன்காவ் முகாமில் காலரா பரவியபோது, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் ஊசிவழி ஏற்றும் திரவம் தீர்ந்துபோன நிலையில் இந்தக் கரைசலை வாய்வழி கொடுக்க வைத்தார். 100க்கு 30 வரை இருந்த இறப்பு 4க்கும் கீழே இறங்கியது. வீட்டில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் மட்டமாக 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பைக் கூட்டக் கூடாது.

பல்லின் எனாமல் ஏன் திரும்ப வளர்வதில்லை?

எனாமலைச் செய்வதும் எபிதீலியச் செல்கள்தான். பல் முளைத்து வெளியே வரும்போது அந்தச் செல்கள் அழிந்துவிடுகின்றன. செய்தவர்கள் போய்விட்டார்கள், இருப்பதைத் தேய்க்காமல் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

தாத்தா பீடியை விட்ட பிறகு இருமல் அதிகமாகிவிட்டது. மறுபடி பிடிக்கலாமா என்கிறார்.

வேண்டவே வேண்டாம் என்று சொல்லுங்கள். மூச்சுக்குழாயின் குறுயிழைகள் நொடிக்குப் பத்துத் தடவைக்கும் மேல் அசைந்து, தூசி ஒட்டிய சளியைத் தொண்டைக்கு ஏற்றிவிடும். புகை அந்த இழைகளை முடக்கும், உதிர்க்கும். நாள்பட்டால் குறுயிழைச் செல்கள் இருந்த இடத்தில் தோலைப் போன்ற தட்டைச் செல்கள் வந்துவிடும். அவற்றால் சளியைத் தள்ள முடியாது. புகையை நிறுத்தியதும் இழைகள் மீண்டு வேலையைத் தொடங்கும். தேங்கிய சளி மேலே வரும். அதனால் சிலருக்குச் சில வாரம் இருமல் கூடும். சளியில் ரத்தம் வந்தாலோ, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தாலோ ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

பாட்டி வெற்றிலையோடு புகையிலை அதக்குகிறார். கன்னத்தின் உள்ளே வெள்ளையாக ஒரு திட்டு. வலியே இல்லையாம். விட்டுவிடலாமா?

இந்தப் பக்கத்தை நான் எழுதுவதே இந்தக் கேள்விக்காகத்தான். வலி இல்லை என்பதால்தான் விடக் கூடாது.

எபிதீலியத்தின் மேலடுக்குகளில் நடக்கும் மாற்றம் வலியாகத் தெரியாது, ரத்தமும் வராது. தொடர்ந்து எரிச்சல் படும் கன்னம், உள்ளங்கையைப் போலத் தடிக்கத் தொடங்கும். அதுதான் அந்த வெள்ளை. எல்லா வெள்ளைத் திட்டும் புற்றுநோய் ஆகாது. ஆனால் சில ஆகும், எது ஆகும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சிவந்த திட்டு இன்னும் ஆபத்தானது. வலி வரும்போது பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். பாக்கு மட்டும் போடுகிறேன், புகையிலை இல்லை என்பவர்களும் தப்பவில்லை. வெறும் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்திவிட்டது. பாக்கினால் கன்னம் உள்ளே இறுகி வாய் திறக்க முடியாமல் போவதும் உண்டு.

பார்ப்பது எளிது. பகல் வெளிச்சத்தில் உட்காரவைத்து, வாயைக் கொப்பளிக்கச் சொல்லி, டார்ச் அடித்துப் பாருங்கள். அதக்கும் பக்கத்துக் கன்னத்தை விரலால் இழுத்து ஈறுக்கும் கன்னத்துக்கும் நடுவே உள்ள பள்ளத்தைப் பாருங்கள். நாக்கை நீட்டச் சொல்லி இரண்டு ஓரங்களையும், தூக்கச் சொல்லி அடியையும் பாருங்கள். துடைத்தால் போகாத வெள்ளை, சிவப்பு, இரண்டு வாரத்தில் ஆறாத புண், தடவினால் கெட்டியாகத் தட்டுப்படும் இடம் ஏதாவது இருந்தால் பல் மருத்துவரிடமோ அரசு மருத்துவமனையிலோ காட்டுங்கள்.

இப்படி வெறும் கண்ணால் பார்ப்பதில் பலன் உண்டா என்று சந்தேகப்பட வேண்டாம். திருவனந்தபுரம் பகுதியில் 1996இல் தொடங்கிய பெரிய ஆய்வு ஒன்றில், மருத்துவரல்லாத பட்டதாரிகளுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக வாயைப் பார்க்க வைத்தார்கள். புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களில் வாய்ப் புற்றுநோய் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2005இல் முடிவு வெளியானது. நம் கேரளத்திலேயே நிரூபித்துக் காட்டிய விஷயம் இது.

கர்ப்பப்பை வாயில் பஞ்சால் துடைத்துப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள். எதற்கு?

கர்ப்பப்பை வாயின் வெளிப்புறம் பல அடுக்குத் தட்டை எபிதீலியம், உட்புறம் ஓரடுக்குத் தூண் எபிதீலியம். இரண்டும் சந்திக்கும் வளையத்தில் செல்கள் ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாறிக்கொண்டே இருக்கும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் ஹெச்.பி.வி. வைரஸ் பிடிக்கும் இடம் அதுதான். அங்கே உதிரும் செல்களைச் சேகரித்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், புற்றுநோய் ஆவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மாற்றம் தெரிந்துவிடும். நீங்கள் கன்னத்தில் எடுத்துப் பார்த்த அதே மாதிரி வேலைதான். ஜார்ஜ் பாப்பனிகோலாவ் 1943இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார், அதனால்தான் பாப் பரிசோதனை என்கிறோம். சில நிமிடம் ஆகும், மயக்க ஊசி வேண்டாம். அக்கா, அம்மா யாராக இருந்தாலும் 30 வயதுக்கு மேல் வெட்கப்படாமல் போய் வாருங்கள். பெண் பிள்ளைகளுக்கு 9 முதல் 14 வயதுக்குள் தடுப்பூசி போடுவது நல்லது.

ஆய்வகத்தில் தோலை வளர்க்க முடியுமா?

மேல்தோலை முடியும். 1975இல் அமெரிக்காவில் ரைன்வால்டும் கிரீனும் மனித மேல்தோல் செல்களை வளர்த்துக் காட்டினார்கள். 2017இல் வெளியான செய்தி இன்னும் பெரியது: மேல்தோல் அடித்தளச் சவ்வில் ஒட்டாமல் உரிந்துகொண்டே இருந்த பிறவி நோயுள்ள 7 வயதுச் சிறுவனுக்கு, ஜெர்மனியில், மரபணு திருத்தப்பட்ட அவனுடைய சொந்தச் செல்களிலிருந்து வளர்த்த மேல்தோலை உடம்பின் சுமார் 80 சதவீதப் பரப்பில் பதித்தார்கள். அவன் பள்ளிக்கூடம் போனான்.

சதை எடுத்துப் பரிசோதிக்க வேண்டும் என்கிறார் டாக்டர். கத்தி பட்டால் கேன்சர் பரவும் என்கிறார்களே?

வாயில் எடுக்கும் சில மில்லிமீட்டர் துண்டால் அப்படிப் பரவாது. அந்தப் பயத்தில் தள்ளிப்போடும் மாதங்களில்தான் பரவுகிறது. எடுத்த துண்டை மெழுகில் பதித்து, மெல்லிய சீவலாக்கி, சாயமேற்றிப் பார்ப்பார்கள். அடுக்குகள் ஒழுங்காக இருக்கின்றனவா, உட்கரு பெருத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, முக்கியமான ஒன்றைத் தேடுவார்கள்: கெட்ட செல்கள் அடித்தளச் சவ்வைத் தாண்டிவிட்டனவா? தாண்டவில்லையென்றால் அந்த இடத்தை மட்டும் எடுத்துவிட்டுக் கவனித்துக்கொண்டே வந்தால் பெரும்பாலும் போதும். தாண்டியிருந்தால் ரத்தக் குழாயும் நிணநீர்க் குழாயும் உள்ள பகுதிக்குள் நுழைந்துவிட்டன, சிகிச்சை பெரிதாகும். அதனால் டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். மலையாளத்தில் கேட்கத் தயங்கினால் தமிழிலேயே கேளுங்கள், பாலக்காட்டில் புரியாதவர் குறைவு. முடிவு வர ஒரு வாரம்போல ஆகும். பஸ் ஏறிப் போய்க் கையில் வாங்கி, அதே நாளில் டாக்டரிடம் காட்டிவிட்டு வாருங்கள். கவரோடு அலமாரியில் வைத்துவிடாதீர்கள்.